சுஜீவா, உத்தரட்டாதி

நோபல் பார்க், மெல்பேர்ண்
11 மார்ச் 2024

அன்புத் தம்பி சிறிதரனுக்கு,

அக்கா எழுதிறன். உடம்பு ஏதோ ஓடுது. இடது முழங்கால் மட்டும் என்ர சொல்லுக் கேக்கிறேல்ல. நீயும் பாமாவும் சுகமா? உங்கட மகள் சுஜீவா எப்பிடி? உனக்குக் காதுக்குப் புது மெசின் போட்டதெண்டு பாமா சொன்னவ. ஆனாலும் போன் வேண்டாம். நான் கத்த, நீ கத்த, பக்கத்து யூனிற் வெள்ளைக்காரி சண்டை எண்டு நினைச்சு எட்டிப் பாக்கிறா. எங்கள் ரெண்டு பேருக்கும் கடிதம்தான் சரி.

இஞ்ச புதினம் பெரிசா இல்லை. இவர் போய் நாலு வருசமாச்சு. ஒருத்திக்குச் சமைச்சு ஒருத்தியா இருந்து சாப்பிட்டு அலுத்துப் போச்சுத் தம்பி. மகன் துஷாந்த் ரோவிலில இருந்து ரெண்டு கிழமைக்கொருக்கா வாறான், வந்தாலும் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். வெள்ளிக்கிழமை கோயில் கமிற்றி விமலாதேவி காரில ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போவா. அண்டைக்குத்தான் நான் வாய் திறந்து நாலு மனிசரோட கதைக்கிறது.

போன வெள்ளி கோயிலில ஒரே கொதிப்பு. உங்கட டென்மார்க்கில ஆரோ நாடகம் போடினமாம். அதின்ர படம் எல்லாற்ற போனிலயும் சுத்துது. அம்மன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில குந்திக்கொண்டு இருக்கிறா. கழுத்தில ஒரு பொட்டு நகை இல்லை. காலில பெரிய கறுத்தச் சப்பாத்து. நீங்கள் உவ்வளவு சனம் அங்க இருந்துகொண்டு என்ன செய்யிறியள்? இஞ்ச கமிற்றி ஆக்கள் கையெழுத்து எடுத்து அந்தத் தியேட்டருக்கு அனுப்பப் போகினம். நல்ல வேலை எண்டுதான் நானும் சொன்னனான். உது ஆற்ற வேலை எண்டு தெரிஞ்சால் எழுது.

குளிர் விடும்வரை கழுத்தை மூடிக்கொண்டு திரி.

அன்புடன்,
அக்கா நாகேஸ்வரி


டென்மார்க்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமா இருக்கிறம். முழங்காலுக்கு டொக்டரிட்டைப் போங்கோ, எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ.

உங்கட கேள்விக்கு மறுமொழி சொல்லிப்போடுறன். அந்த நாடகம் சுஜீவா எழுதினது. அம்மனா வாறதும் அவள்தான். முகம் முழுக்கப் பூச்சுப் பூசியிருக்கிறதால உங்களுக்கு அடையாளம் தெரியேல்ல.

கதை இதுதான். அம்மன் அகதியா இஞ்ச வந்து இறங்கிறா. பொலிஸ்காரன் கைரேகை எடுக்க வாறான். எட்டுக் கைக்கும் எடுத்து முடிக்க அவனுக்கு விடிஞ்சு போகுது. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பிறகு நகையைக் கழட்டிக் குடு எண்டுறாங்கள். அகதியா வாற ஆக்களின்ர பெறுமதியான சாமானை எடுக்கலாமெண்டு இஞ்ச ஒரு சட்டம் இருக்கு. அவ ஒவ்வொண்டாக் கழட்டி மேசையில வைக்கிறா. அப்ப சிரிச்ச சனம் அடங்கிப் போச்சு. கடைசியா வெறுங்காலோட பனிக்குள்ள போக வெளிக்கிட, ஒரு கிழட்டுப் பொலிஸ்காரன் தன்ர சப்பாத்தைக் கழட்டிக் குடுக்கிறான். அது என்ர கதை அக்கா. எண்பத்தாறில எனக்கு நடந்தது. சின்னனில அவளுக்குச் சொன்னனான்.

நான் மறைக்கேல்ல, அம்மன்ர காலில சப்பாத்து எண்டது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. தையில அவளிட்டைச் சொன்னனான், வேற ஏதும் வழி பாக்கலாமே பிள்ளை எண்டு. ஏலாதெண்டாள். விட்டிட்டன். முப்பத்தொரு வயசில அவளுக்குக் கிடைச்ச முதல் மேடை.

இஞ்ச இப்ப உந்தக் கதை ஒண்டும் லேசில்லை. குர்ஆனை எரிச்சாங்கள், தூதரகங்களுக்கு முன்னால சனம் கூடிச்சுது, போன மார்கழி வேதப் புத்தகங்களை அவமதிக்கக் கூடாதெண்டு சட்டம் கொண்டு வந்தாங்கள். நாடகத்துக்கு அது பொருந்தாதாம். ஆனால் ஆர் எங்க புண்படுவினம், ஆர் ஆற்ற வாயை மூடுவினம் எண்டு பேப்பர்க்காரர் காத்துக்கொண்டு இருக்கிறாங்கள். எங்கட சனமும் கத்தத் துவங்கினால் அவங்களுக்குத் தீபாவளி. அங்க கையெழுத்து வைக்க வேண்டாமெண்டு உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ.

உங்கட தம்பி,
சிறிதரன்


நோபல் பார்க்
24 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைச்சுது. எல்லாருக்கும் சுகத்துக்குக் கடவுளை வேண்டிறன்.

சுஜீவாதான் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல. நல்ல கெட்டிக்காரப் பிள்ளை.

இஞ்ச இலையுதிர் காலம் துவங்கியிட்டுது. முழங்காலோட ரெண்டு கிழமை கோயிலுக்குப் போகேல்ல. துஷாந்துக்கு மல்கிரேவில புது ஒபிஸ், கிட்டவாம், சந்தோசமா இருக்கிறான். பாமாவுக்கு முருங்கையிலைப் பொடி அனுப்ப நினைச்சன், கஸ்ரம்சில பிடிப்பாங்கள் எண்டு அவன் விடேல்ல. உன்ர காது எப்பிடி? இந்த முறை நீளமா எழுத ஏலாமல் கிடக்கு. தலையிடி.

அக்கா


டென்மார்க்
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் இப்ப எப்பிடி? பாமாவுக்குப் பிறசர் கூடியிருக்கு. காரணம் எழுதிறன்.

மெல்பேர்ணில இருந்து போன கையெழுத்துத் தாள்கள் தியேட்டருக்கு வந்து சேந்திட்டுது. ஆயிரத்துச் சொச்சம் பேர். அதில ஒரு தாளில என்ர பேர் இருக்கு. பாமாவின்ர பேர் இருக்கு. சுஜீவாவின்ர பேரும் இருக்கு. மூண்டுக்கும் எங்கட வீட்டு விலாசம், கதவு இலக்கத்தோட.

ஊர்ப் பேப்பரில அதைப் பெரிசாப் போட்டாங்கள். தகப்பனே மகளின்ர நாடகத்தை நிப்பாட்டச் சொல்லிறார் எண்டு. தியேட்டர்க்காரர் பயந்து போச்சினம். வெளியில ஆரும் எதிர்த்தால் நிண்டு பிடிப்பம், சொந்தக் குடும்பமே வேண்டாமெண்டால் நாங்கள் எந்த முகத்தோட போடுறது எண்டு கேட்டினம். நாடகம் நிண்டு போச்சு.

சுஜீவா அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து குசினி மேசையில வைச்சாள். அப்பா, இது நீங்களா எண்டு கேட்டாள். தையில சப்பாத்தைப் பற்றி நான் சொன்னதை அவள் மறக்கேல்ல. பிறகு எழும்பிப் போயிட்டாள். இண்டைக்குப் பதினொரு நாள், போன் எடுக்கிறாள் இல்லை. தாயோட மட்டும் ரெண்டு சொல்லுக் கதைச்சாளாம்.

கோயிலில விசாரிச்சுப் பாருங்கோ அக்கா. எங்கட பேரை ஆர் எழுதினதெண்டு தெரிஞ்சால் எனக்கு ஒரு வரி எழுதுங்கோ.

சிறிதரன்


நோபல் பார்க்
9 ஜூன் 2024
(இதைத் தபாலில் போடேல்ல)

தம்பி,

நான்தான்.

அந்தப் படம் சுத்தின வெள்ளி பூசை முடிஞ்சு அன்னதான வரிசையில நிண்டனாங்கள். விமலாதேவி அட்டையில தாளைச் செருகிக்கொண்டு வந்தா. குடும்பம் குடும்பமாப் போடுங்கோ, கெதியா, பின்னால சனம் நிக்குது எண்டா. நான் ஒவ்வொரு வெள்ளியும் ஐயருக்குப் பேர் குடுக்கிறது உனக்குத் தெரியும்தானே. முதல் என்ர, பிறகு துஷாந்த் வீடு, பிறகு நீ, பாமா, சுஜீவா, எல்லாற்ற நட்சத்திரமும் சொல்லித்தான் அர்ச்சனை. இருபது வருசம் அப்பிடிச் சொல்லிச் சொல்லிக் கை தன்ர பாட்டில எழுதிப்போட்டுது. சுஜீவா எண்டு எழுதி, விலாசம் எழுதிற கட்டத்துக்குள்ள உத்தரட்டாதி எண்டும் எழுதிப்போட்டன். பிறகுதான் அது அர்ச்சனைச் சீட்டு இல்லை எண்டு விளங்கி, அதை வெட்டி உங்கட விலாசத்தை எழுதினன். அப்பவாவது என்ர மூளை வேலை செய்திருக்க வேணும். செய்யேல்ல. உங்கள் எல்லாருக்கும் புண்ணியம் சேக்கிறன் எண்ட நினைப்பு எனக்கு.

உன்ர ஏப்ரல் கடிதம் வந்த அண்டே விமலாதேவிக்குப் போன் போட்டனான். தாளெல்லாம் அனுப்பியாச்செண்டா. அப்பவே உனக்கு எழுதியிருக்கலாம். முருங்கையிலையைப் பற்றி எழுதினன்.

ஏன் சொல்லேல்ல எண்டு நீ கேப்பாய். பயம். நீ என்னோட கதைக்காமல் விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்? கோயிலில போய் பேரை எடுங்கோ எண்டால் அங்கயும் ஒருத்தரும் முகம் குடுக்காயினம். இன்னொண்டும் இருக்கு, அதையும் சொல்லிறன். அந்தப் படத்தை நினைச்சால் எனக்கு இப்பவும் கோவம் வருது. மருமகள் செய்தாலும் கோவம் கோவம்தான். ஆனால் அவளின்ர பேரிலயே அவளுக்கு எதிரா எழுதிப்போட்டனே, உதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது.

இதை வாசிச்சுப் பாத்தன். அனுப்ப எனக்குத் துணிவு இல்லை.


நோபல் பார்க்
12 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

பாமாவின்ர பிறசர் குறைஞ்சுதோ? உப்பைக் குறைக்கச் சொல்லு.

கோயிலில விசாரிச்சனான். ஆர் எழுதினதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. எவ்வளவு சனம், ஆரெண்டு தேடுறது. பிள்ளை கோவம் ஆறி வருவாள், நீ கவலைப்படாதை.

இஞ்ச சரியான குளிர். ஹீற்றர் பழுதாப் போச்சு.

அக்கா


டென்மார்க்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மறுமொழி எழுதச் சுணங்கிப் போச்சு. எழுத ஒண்டும் இருக்கேல்ல. ஹீற்றர் திருத்தியாச்சோ?

பாமா மாத்திரை துவங்கியிட்டா. தமிழ்க் கடைக்குப் போனால் அவவைப் பாத்துச் சனம் மற்றப் பக்கம் திரும்புது. அம்மனை அவமதிச்சவளின்ர தாய் எண்டு. எனக்குக் காது கேளாததால கனக்கத் தெரியிறேல்ல. அதுவும் ஒரு நன்மை.

சுஜீவா கொப்பன்ஹேகனுக்குப் போயிட்டாள். ஒரு வயோதிபர் இல்லத்தில வேலை. போன மாசம் ஒரு கட்சிக்காரன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான், மேடையில ஏறிப் பேச வரச் சொல்லி, மதக்காரர் பேச்சுச் சுதந்திரத்தைக் கொல்லிறாங்கள் எண்டு. எங்களை மாதிரி ஆக்களை நாட்டை விட்டு அனுப்ப வேணுமெண்டு சொல்லுற கட்சி. அவள் ஏலாதெண்டிட்டாள். பிறகு எங்கட சங்கத்தில இருந்து மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டினம். அதுக்கும் ஏலாதெண்டிட்டாள். ரெண்டு பக்கமும் அவளைத் தூக்கிப் பிடிக்க நினைக்குது, ரெண்டு பக்கத்திலயும் அவளுக்கு ஒருத்தரும் இல்லை. எல்லாம் பாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோட அவள் இன்னும் கதைக்கிறேல்ல.

தியேட்டர் பொறுப்பாளர் போன கிழமை என்னைச் சந்திச்சவர். நல்ல மனிசன். எங்கட குடும்பத்தின்ர பேரை எழுதின ஆள், ‘நான்தான் எழுதினது, அவையிட்டைக் கேக்கேல்ல’ எண்டு ஒரு தாளில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால், மாசியில நாடகத்தைத் திரும்பப் போடலாமாம். ஒக்ரோபருக்குள்ள தெரிய வேணுமாம். அந்த ஆளின்ர பேர் பேப்பரில வரும், அதை மறைக்க ஏலாது எண்டும் சொன்னவர்.

சுஜீவாவின்ர புது விலாசத்தைப் பின்பக்கத்தில எழுதியிருக்கிறன். ஏதும் தேவை வந்தால்.

சிறிதரன்


நோபல் பார்க்
16 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்ல.

உங்கட பேரை எழுதினது நான். விசாரிச்சனான் எண்டு எழுதினது பொய். ஜூனில உண்மையை எழுதின கடிதம் ஒண்டு இஞ்ச மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அதையும் இதோட வைச்சு அனுப்பிறன், வாசி.

விமலாதேவியிட்டைப் போய் எங்கட பேரை எடுக்கச் சொன்னன். நீங்கள் எடுத்தால் நாளைக்கு எல்லாரும் எடுக்க வருவினம், பேசாமல் இருங்கோ நாகேஸ் எண்டா. பேசாமல் இருந்ததாலதான் இவ்வளவும் எண்டன். அதுக்குப் பிறகு அவ என்னைக் கூப்பிட வாறேல்ல. வெள்ளிக்கிழமை ரெண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போறன். சாப்பாட்டு மேசையில எனக்குப் பக்கத்துக் கதிரை சும்மா கிடக்கும்.

தியேட்டருக்கான தாளைத் துஷாந்த் இங்கிலீசில அடிச்சுத் தந்தவன். அவனுக்கும் எல்லாம் சொல்ல வேண்டி வந்தது. அடிச்சு முடியுமட்டும் நான் குசினிக்குள்ள நிண்டன். என்ர முழுப் பேர், விலாசம், கையெழுத்து எல்லாம் இருக்கு. பேப்பரில போடட்டும். நேர அவளுக்கே அனுப்பிறன்.

நீ என்னை ஏசி எழுது. எழுதாமல் மட்டும் விடாதை.

அக்கா


நோபல் பார்க்
16 செப்டம்பர் 2024

என்ர மருமகள் சுஜீவாவுக்கு,

மாமி எழுதிறன். சாப்பிட்டு நித்திரை கொண்டு ஒழுங்கா இருக்கிறியோ பிள்ளை? உனக்கு நான் எழுதிற முதல் கடிதம் இப்பிடி ஒண்டா இருக்குமெண்டு நினைக்கேல்ல.

உன்ர அப்பா கையெழுத்து வைக்கேல்ல. நான் கோயிலில உங்கள் மூண்டு பேரின்ர பேரையும் எழுதினன், வழமையா அர்ச்சனைக்குக் குடுக்கிற மாதிரி. அது உன்ர நாடகம் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் அஞ்சு மாசம் வாயைத் திறக்கேல்ல. அதுதான் பெரிய பிழை. இதோட இருக்கிற தாளைத் தியேட்டருக்குக் குடு.

உனக்கு நடிக்காமல் ஒண்டு சொல்லிறன். அந்தச் சப்பாத்து எனக்கு இன்னும் பிடிக்கேல்ல. உன்னை நேர கண்டால் அதுக்குச் சண்டை பிடிப்பன். அது எனக்கும் உனக்கும் உள்ள சண்டை. உன்னட்டைக் கேக்காமல் உன்ர பேரைக் கொண்டுபோய் அதுக்குள்ள போட எனக்கு ஒரு உரிமையும் இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம். அப்பாவோட கதை.

மாமி நாகேஸ்வரி


டென்மார்க்
6 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட ரெண்டு கடிதமும் கிடைச்சுது. நான் சுகம். பாமாவும் சுகம்.

எனக்குத் தெரியும் அக்கா. மே மாசமே தெரியும். தியேட்டரில அந்தத் தாளைக் காட்டினவங்கள். மேல் வரியில உங்கட பேர், அதுக்குக் கீழ துஷாந்த், அதுக்குக் கீழ நான். உத்தரட்டாதியை வெட்டியிருந்தது. நாப்பது வருசமா உங்கட கடிதம் வாசிக்கிறன், அந்த எழுத்து எனக்குத் தெரியாமல் போகுமோ? விசாரியுங்கோ எண்டு எழுதினது, நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான். விசாரிச்சனான் எண்டு ஜூனில நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு நான் ரெண்டு மாசம் பேனை தொடேல்ல.

ஏச எனக்குத் தென்பு இல்லை. நீங்கள் சொன்னது போதும். குளிருக்குள்ள பஸ்சுக்கு நிக்காதேங்கோ, துஷாந்தைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கோ.

உங்கட தம்பி,
சிறிதரன்


கொப்பன்ஹேகன்
17 நவம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். நீங்களும் துஷாந்த் மச்சானும் சுகமா? என்ர தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. உங்கட கடிதத்தை வாசிக்க ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது.

உங்கட தாளைத் தியேட்டருக்குக் குடுத்தேன். போன கிழமை பேப்பரில வந்தது, உங்கட பேரோட, ஆறாம் பக்கத்தில சின்னதா. மே மாசம் அப்பாவின்ர பேர் முதல் பக்கத்தில வந்தது. மாசியில ஆறு நாள் நாடகம் போடுவம். சப்பாத்து இருக்கும். நீங்கள் சண்டை பிடிக்க வரலாம், நான் ரிக்கற் எடுத்து வைப்பன். உண்மையாத்தான் சொல்லிறன்.

ஒரு விசயம் கேக்கிறேன். இனி என்ர பேரை எங்கயும் எழுதுறதெண்டால் முதல் என்னட்டைக் கேளுங்கோ. நல்லதுக்கு எண்டாலும் கேளுங்கோ.

போன சனிக்கிழமை வீட்டை போனேன். உங்களுக்கு அப்பா சொல்லியிருக்க மாட்டார், அதால நான் சொல்லிறேன். மே மாசம் நான் அந்தப் பேப்பரைக் காட்டி, அப்பா, இது நீங்களா எண்டு கேட்டபோது அவர் ‘ஓம்’ எண்டு சொன்னவர். நான் ரெண்டாந்தரமும் கேட்டேன். ரெண்டாந்தரமும் ‘ஓம்’ எண்டார். அதுதான் நான் போனேன். அவர் இல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், மாமி.

இப்ப நான் அவரைக் கேட்டேன், ஏன் அப்பா அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு. அவர் சொன்னார், ‘அக்கா அங்க தனிய இருக்கிறா பிள்ளை. உனக்கு நான் இருக்கிறன்தானே.’

அவர் எனக்கு இருக்கேல்ல, மாமி. ஆறு மாசம் எனக்கு அவர் இருக்கேல்ல.

சுஜீவா